மூன்று நிமிடக் குருதி: பித்தப்பைச் சத்திரசிகிச்சை ஒன்றில் நிபுணரின் மன அழுத்தம் கையாளப்பட்ட விதம்

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றில், வயிற்றில் சிறு துளைகள் இட்டு, உள்ளே கமெராவை விட்டுத் திரையில் பார்த்தபடி தொடங்கிய பித்தப்பைச் சத்திரசிகிச்சை இது. நோயாளி நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய நோயைப் பற்றி இங்கே குறைவாகத்தான் வரும். கத்தி பிடித்தவரின் மனநிலை நடுவழியில் எப்படிக் குலைந்தது, எப்படித் திரும்பி வந்தது, அதில் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன பங்கு என்பதுதான் விஷயம்.

அன்று நான் தியேட்டரில் இருக்கவில்லை. பின்னர் நடந்த கலந்துரையாடலை நடத்திக் கொடுக்கும்படி கேட்டார்கள். மயக்கவியல் பதிவுத்தாள், கமெராவில் பதிவான காட்சி, அங்கே நின்றவர்கள் சொன்னவை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லோருடைய சம்மதமும் உண்டு. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் அன்றைய நாளும்

நோயாளி ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது அறுபதைத் தாண்டியவர், நீரிழிவு உண்டு. பித்தக்கல்லால் இரண்டு தடவை பித்தப்பை அழற்சி வந்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு அடங்கியிருந்தது. ஸ்கானில் பித்தப்பைச் சுவர் தடித்துப்போயும், கழுத்துப் பகுதியில் ஒரு கல் இறுகிப்போயும் தெரிந்தது. இப்படிப்பட்ட பித்தப்பை இலகுவாகக் கழன்று வராது என்பது எந்தச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் தெரியும். இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்த நிபுணரும் கிளினிக் குறிப்பிலேயே ‘கடினமாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தார்.

இன்னொன்றை அவர் எழுதவில்லை, எழுதவும் இடமில்லை. அந்த ஆசிரியை நிபுணரின் தங்கைக்குப் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்தில் இது புதினமே இல்லை. இங்கே மேசையில் படுத்திருப்பவர் ஏதோ ஒரு வழியில் தெரிந்தவராக, அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். காலையில் நடந்தது பின்னேரம் வாட்ஸ்அப்பில் ரொறன்ரோ வரை போய்விடும். மன அழுத்தம் பற்றிய பாடநூல்கள் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெரிந்த முகம் என்ற பாரம் அவற்றில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முதல்நாள் இரவு நிபுணர் ஒன்கோல், அதாவது அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரவேண்டிய முறை அவருடையது. குடல் துளைபட்ட ஒருவரை விடியப்புறம் இரண்டு மணிக்கு மேசையில் ஏற்றி, முடிக்கும்போது நாலரை. ஏழு மணிக்கு வாட் சுற்று. எட்டரைக்கு நான்கு பேர் கொண்ட சத்திரசிகிச்சைப் பட்டியல். ஆசிரியை நான்காவது. அவருக்கு மயக்கம் கொடுக்கும்போது மதியம் ஒன்றேகால். அதுவரை நிபுணரின் வயிற்றில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

வழமையாகக் கமெரா பிடிக்கும் றெஜிஸ்ட்ராரை (நிபுணராகப் பயிற்சி பெறும் மருத்துவரை) அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருடைய இடத்தில் வந்தவர் ஒரு உள்ளகப் பயிற்சி மருத்துவர், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பொடியன். வாட்டில் நோயாளிகளோடு பேசும் அளவுக்குத் தமிழ் பழகியிருந்தார். கமெரா பிடித்துக் கொஞ்ச நாள்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் அன்றும் நிரப்பப்பட்டிருந்தது. 2008இல் வெளியான இந்த ஒற்றைத் தாளில் 19 விடயங்கள் உண்டு. எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7ஆகவும் குறைந்தன. அந்தப் பலன், தாளில் உள்ளதை எல்லோரும் கைவேலையை நிறுத்திச் சத்தமாகப் பேசினால்தான் கிடைக்கும். அன்று நிபுணர் கை கழுவிக்கொண்டிருந்தபோதே தாதி எல்லாப் பெட்டிகளிலும் சரி போட்டு முடித்துவிட்டார். ‘எந்தக் கட்டம் கடினமாக இருக்கும், எவ்வளவு குருதி போகலாம்’ என்று நிபுணர் சொல்லவேண்டிய இடத்திலும் ஒரு சரி இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கமெராவை விட்டுத் திறந்த சத்திரசிகிச்சைக்கு எப்போது மாறுவது என்பது நிபுணரின் தலைக்குள் மட்டும் இருந்தது.

நடந்தது

வயிற்றைக் காபனீரொட்சைட்டால் ஊதி, கமெராவை உள்ளே விட்டபோது பித்தப்பை கொழுப்புத் திரையாலும் குடலாலும் மூடிக் கிடந்தது. பிரித்தெடுக்கவே நாற்பது நிமிடம் போனது. அதன் கீழே கலோ முக்கோணம். பித்தப்பைக்கு வரும் நாடியும், பித்தம் போகும் குழாயான அதன் கானும் ஓடும் சிறிய இடம் அது. சற்றுத் தள்ளி, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பிரதான குழாயான பொதுப் பித்தக்கான். அதை வெட்டிவிட்டால் நோயாளிக்கு வாழ்நாள் துன்பம்.

இதற்காகவே 1995இல் ஸ்ட்ராஸ்பேர்க் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் மூன்று அடையாளங்களைச் சொல்லிவைத்தார்கள். முக்கோணத்திலிருந்து கொழுப்பும் நாரிழையமும் முழுமையாக அகற்றப்பட்டிருக்கவேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதி ஈரலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கவேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள் என்று கண்ணால் காணவேண்டும். இவை மூன்றும் தெரியும்வரை எதையும் வெட்டக்கூடாது.

ஆசிரியையின் முக்கோணம் இறுகிப்போயிருந்தது. நிபுணர் அதைக் கிளறிக்கொண்டிருந்த நேரம், திரை ஒரேயடியாகச் சிவந்தது.

கமெரா வழியே பார்க்கும் குருதிக்கு ஒரு குணம் உண்டு. காட்சி பெருப்பித்துத் தெரிவதால் சிறிய நாடியின் பீச்சல்கூட வெள்ளம்போல் இருக்கும். குருதி வெளிச்சத்தையும் உறிஞ்சிவிடும் என்பதால் படம் இருண்டுபோகும். உறிஞ்சு குழாயை விடாமல் இழுத்தால் குருதியோடு வாயுவும் வெளியே போய், ஊதியிருந்த வயிறு சுருங்கும், இருந்த பார்வையும் போகும். பார்வை போகப்போக இன்னும் பலமாக உறிஞ்சத் தோன்றும். அன்று நடந்தது இதுவேதான்.

நிபுணர் பேச்சை நிறுத்தினார். அவர் அதிகம் கதைக்கும் மனிதர். அவர் மௌனமானதை அங்கு நின்ற எல்லோரும் கவனித்ததாகப் பின்னர் சொன்னார்கள். கை வேகமானது. நாடியை நெரித்து மூடும் சிறிய கிளிப் கேட்டார், குருதிக்குள் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டார். பிடிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் பிடிக்கவில்லை. அதுவரை கமெராவுக்கு ஆங்கிலத்தில் கட்டளை சொல்லிக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் வேகமான யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறினார். ‘கொஞ்சம் இஞ்சால, இஞ்சால எண்டுறன், எங்க பாக்கிறாய்?’ பயிற்சி மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் கமெராவைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். அதே நேரம் உறிஞ்சு போத்தல் நிரம்பி நின்றுபோனது. அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, பின்னேரப் பட்டியலைத் தொடங்கலாமா என்று கேட்டார். யாருடையதோ தொலைபேசி அடித்தது.

மூன்றாவது கிளிப்புக்கு நிபுணர் கை நீட்டினார். கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் தாதி ஒரு கணம் தயங்கினார். அப்போது மயக்கவியல் நிபுணர் திரைச்சீலைக்கு மேலால் எழுந்து நின்று சொன்னார்:

‘சேர், ஒரு நிமிஷம். பிரஷர் நூற்றிப்பத்து. எங்களுக்கு நேரம் இருக்கு. அமத்திப் பிடியுங்கோ, நான் இரத்தம் சொல்லிவிடுறன்.’

நிபுணர் கிளிப்பை வாங்கவில்லை. பித்தப்பையின் கழுத்தையே பிடித்து, குருதி வந்த இடத்தின்மீது அழுத்தினார். ஒரு துளைவழியாகச் சிறிய கோஸ் துண்டை உள்ளே விட்டு அதன்மேலும் அழுத்தினார். பிறகு தலையைத் தூக்கி அறையைப் பார்த்தார். ‘சரி. ஐந்து நிமிஷம் ஒருத்தரும் ஒண்டும் செய்யவேண்டாம்.’

அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தவை பல. உறிஞ்சு போத்தல் மாற்றப்பட்டது. றெஜிஸ்ட்ராரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். இன்னொரு நிபுணருக்குத் தொலைபேசி போனது. திறந்த சத்திரசிகிச்சைக்கான கருவித்தட்டு பிரிக்கப்பட்டது. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையை மயக்கவியல் நிபுணர் கொஞ்சம் தாழ்த்தினார். அழுத்தத்தை மெல்ல எடுத்துப் பார்த்தபோது பீச்சல் கசிவாகக் குறைந்திருந்தது. மேலும் துழாவாமல், வலது விலாவுக்குக் கீழே வெட்டித் திறந்தார்கள். நாடியைக் கண்ணால் கண்டு கட்டினார்கள். முக்கோணத்தைத் தொடாமல், பித்தப்பையின் பெரும்பகுதியை மட்டும் அகற்றி, வடிகுழாய் வைத்து மூடினார்கள். சில நாள் வடிகுழாயில் பித்தம் வந்து, தானாக நின்றது. பித்தக்கானுக்குக் காயம் இல்லை.

மூன்று நிமிடம், பத்து நிமிடம்

கலந்துரையாடலில் நிபுணரிடம் முதலில் கேட்டது, அந்தக் குருதிப்போக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று. ‘பத்து நிமிஷத்துக்குக் குறையாது’ என்றார். ஸ்க்ரப் தாதியும் அப்படித்தான் சொன்னார். பதிவை ஓடவிட்டுப் பார்த்தோம். திரை சிவந்ததிலிருந்து அழுத்திப் பிடித்தது வரை மூன்று நிமிடம்கூட இல்லை. நோயாளியின் குருதியமுக்கம் அந்த நேரத்தில் பெரிதாக விழவும் இல்லை. நிபுணர் பதிவை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். நேரம் போய்விட்டது என்ற உணர்வுதான் குருட்டுத்தனமாகக் கிளிப் போடவைத்தது. உண்மையில் நேரம் இருந்தது. ஆனால் அதை அறியக்கூடிய நிலையில் நிபுணர் இல்லை. அட்றினலின் ஏறும்போது இதயம் வேகமாகும், விரலில் நடுக்கம் வரும். கமெராச் சத்திரசிகிச்சையில் கருவிகள் 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம் என்பதால் அந்த நடுக்கம் நுனியில் பெருத்துத் தெரியும். கவனம் ஒரே புள்ளியில் குறுகும். அந்தப் புள்ளிக்கு வெளியே சொல்லப்படுவது காதில் விழாது. போத்தல் நிரம்பிவிட்டது என்று ஒருவர் சொன்னதை அங்கிருந்தவர்களில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நிபுணர் கேட்கவில்லை.

மன அழுத்தம் பற்றிய எந்த விரிவுரைக்குப் போனாலும் 1908இல் யேர்க்ஸும் டொட்சனும் எலிகளை வைத்துச் செய்த சோதனையையும், மணி வடிவ வளைகோட்டையும் காட்டுவார்கள். கொஞ்சம் பதற்றம் நல்லது, கூடினால் கெடுதல் என்று. சரி, இருக்கட்டும். குருதிக்கு முன்னால் நிற்கும் ஒருவர் தான் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று எப்படி அறிவது? அதை அறியவேண்டிய மூளைதானே அப்போது வேறு வேலையில் மூழ்கியிருக்கிறது.

மூச்சை மெதுவாக வெளியே விடு, தோளைத் தளர்த்து, கருவியை ஒரு கணம் அசையாமல் வை என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை நான் குறைத்து மதிக்கவில்லை. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிப்பது உடலியல் உண்மை. மனதுக்குள் ஒத்திகை பார்ப்பதும் பலன் தரும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதே பித்தப்பைச் சத்திரசிகிச்சையை எடுத்து, படிப்படியாக மனதில் ஓட்டிப் பார்க்கப் புதியவர்களுக்குப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவர்கள் சிமுலேற்றரில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் இவை எல்லாமே, ‘நான் இப்போது பதறுகிறேன்’ என்று ஒருவர் தானே உணர்ந்தபிறகு கைகொடுக்கும் முறைகள். இந்த நிபுணர் ஐந்தாண்டுக்கு முன்னர் அப்படியொரு பயிற்சிக்குப் போனவர். மூச்சுப் பயிற்சி தெரியும். அன்று ஞாபகத்துக்கே வரவில்லை என்றார்.

ஆகவே பதற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அவரிடமே விடக்கூடாது. அது பக்கத்தில் நிற்பவர்களின் வேலை.

அவர்களுக்குக் கண் இல்லாமல் இல்லை. ஸ்க்ரப் தாதி முதலாவது கிளிப்பிலேயே ஏதோ பிழைக்கிறது என்று உணர்ந்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, ‘சேரிட்ட எப்பிடிச் சொல்லுறது?’ என்றார். அவ்வளவுதான் பதில். அறையில் யாரும் அந்தப் பதிலைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2005இல் இங்கிலாந்தில் இலேன் புரோமிலி என்ற இளம் தாய் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டபோது சுவாசவழி அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் குழாய் விடுவதிலேயே முனைந்து நின்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளைத் தாதி ஒருவர் கொண்டுவந்து நின்றார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒழுங்குபடுத்தினார். என்ன செய்யவேண்டும் என்பது தாதிகளுக்குத் தெரிந்திருந்தது, அதை மருத்துவர்களிடம் சொல்லும் வழிதான் தெரியவில்லை. இலேன் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. குற்றவாளியைத் தேடாமல், இப்படி ஏன் நடக்கிறது என்று கேட்டு, மனிதரின் கவனமும் பேச்சும் பழக்கமும் சிகிச்சையின் பாதுகாப்பைப் பாதிக்கும் விதத்தை ஆராய, 2007இல் மனிதக் காரணிகளுக்கான ஒரு அமைப்பையே தொடங்கினார். கலந்துரையாடலில் இந்தக் கதையைச் சொன்னேன். அதன்பிறகுதான் தியேட்டர் உதவியாளரும் வாய் திறந்தார். போத்தல் காலையிலேயே முக்கால்வாசி நிரம்பியிருந்ததாம்.

மயக்கவியல் நிபுணரின் அந்த ஒரு வசனத்தை நாங்கள் நிறைய நேரம் பிரித்துப் பார்த்தோம். அதில் கண்டனம் இல்லை. ‘பதறாதையுங்கோ’ என்றும் இல்லை. பதறுகிறவரிடம் அப்படிச் சொன்னால் கோபம்தான் வரும். அவர் கொடுத்தது ஒரு எண், ஒரு செய்தி, ஒரு செயல். பிரஷர் எவ்வளவு என்பதால் நிலைமை தெரிந்தது. நேரம் இருக்கிறது என்பதால் அவசரம் இறங்கியது. அமத்திப் பிடியுங்கோ என்பதால் சும்மா நிற்கச் சொன்னதாகத் தோன்றாமல், கைக்கு ஒரு வேலை கிடைத்தது. சத்திரசிகிச்சை நிபுணரின் கையைச் சும்மா இரு என்றால் இராது. அழுத்திப் பிடி என்றால் பிடிக்கும். ரொறன்ரோவைச் சேர்ந்த கரோல்-ஆன் மோல்ட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வேகத்தைக் குறைக்கவேண்டிய கணத்தில் குறைப்பதே நிபுணத்துவத்தின் அடையாளம் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அந்தக் கணத்தை வேறொருவர் சுட்டிக்காட்டலாம் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம்.

அதன் பிறகு

தியேட்டர் வாசலில் ஆசிரியையின் கணவரும் மகளும் நின்றார்கள். ‘கமெரா ஒப்பரேசன் எண்டுதானே சொன்னியள் ஐயா, ஏன் வெட்டினது?’ என்று கணவர் கேட்டார். கேள்வியில் பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்வி வரும் என்ற எண்ணம் வெட்டித் திறக்கும் முடிவைத் தள்ளிப்போட வைத்தது என்று நிபுணர் பின்னர் ஒத்துக்கொண்டார். திறந்து செய்வதை இங்கே சனம் தோல்வியாகத்தான் பார்க்கிறது. மருத்துவர்களும் கொஞ்சம் அப்படித்தான். இப்போது சம்மதப் படிவம் கையெழுத்தாகும்போதே, ‘பாதுகாப்பில்லை என்று கண்டால் வெட்டித்தான் செய்வோம், அதுதான் சரியான வழி’ என்று குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், செலவில்லாமல் கிடைத்த பெரிய மாற்றம் இது.

நிபுணர் அடுத்த சில நாட்கள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அடுத்த கிழமையில் இருந்த ஒரு கமெராச் சத்திரசிகிச்சையைத் தட்டிக்கழிக்கப் பார்த்தார். இப்படி நடப்பது வழமை. ஆனால் யாரும் கேட்பதில்லை. இந்த முறை சக நிபுணர் ஒருவர் அந்தப் பட்டியலில் கூடவே நின்றார்.

கலந்துரையாடலில் மூத்த மருத்துவர் ஒருவர் வேறு மாதிரிப் பேசினார். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஷெல் விழும் சத்தத்துக்கு நடுவில், ஜெனரேற்றர் வெளிச்சத்தில் செய்தோம், அப்போது யார் மன அழுத்தம் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டார். அந்தத் தலைமுறை செய்ததற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் சிறியவர்கள்தான். ஆனாலும் அவருடைய கதைகளையே கூர்ந்து கேட்டால் ஒன்று தெரியும். அந்த அறைகளில் எல்லோருக்கும் ஒரே ஆபத்து, ஆட்கள் குறைவு, உதவியாளர் தொடக்கம் நிபுணர் வரை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். அதைத்தான் இப்போது திரும்பக் கேட்கிறோம் என்றேன். அவர் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்று சொல்லமுடியாது.

நடைமுறையில் வந்த மாற்றங்களில் முக்கியமானது அந்த வசனம். ‘சேர், ஒரு நிமிஷம்’ என்று அறையில் யார் சொன்னாலும், சொன்னது உதவியாளரானாலும், நிபுணர் கையை நிறுத்தி அல்லது அழுத்திப் பிடித்து, தான் காண்பதைச் சத்தமாகச் சொல்லவேண்டும். காரணம் பிறகு கேட்கலாம். பட்டியல் தொடங்குமுன் நிபுணரே இதை எல்லோருக்கும் சொல்லிவைக்கிறார். மேலிருப்பவர் வாயால் வராவிட்டால் இது சுவரில் ஒட்டிய தாளாகவே இருந்துவிடும். பயிற்சி மருத்துவரின் யோசனைப்படி, கமெராவுக்கான கட்டளைகளை ஆரம்பத்திலேயே பேசி, எந்த மொழியில் என்பதையும் முடிவுசெய்கிறார்கள். மூன்று அடையாளங்களும் முப்பது நிமிடத்தில் தெரியாவிட்டால், குருதி வந்தாலும் வராவிட்டாலும், இன்னொரு நிபுணரைக் கூப்பிடுவது என்று அந்தப் பிரிவு தனக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. தொலைபேசிகள் வெளியே ஒரு தட்டில்.

சில மாதங்களுக்குப் பிறகு அதே ஸ்க்ரப் தாதி அந்த வசனத்தைச் சொன்னார். குடலிறக்கச் சத்திரசிகிச்சை ஒன்றில், கோஸ் எண்ணிக்கை பிழைக்கிறதோ என்ற சந்தேகத்தில். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. நிபுணருக்குக் கொஞ்சம் எரிச்சல், முகத்தில் தெரிந்ததாம். ஆனாலும் ‘நல்லது மிஸ், இனியும் சொல்லுங்கோ’ என்றுவிட்டுத்தான் தொடர்ந்தார். வீணாகிப்போன அந்த ஒரு நிமிடத்தை நான் நல்ல கணக்கில்தான் சேர்க்கிறேன்.

மாறாதது ஒன்கோல் அட்டவணை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன மருத்துவர்களின் இடங்கள் எல்லாம் நிரம்பவில்லை. இரவு முழுக்க நின்றவரே பகலிலும் நிற்கிறார். அதைச் சரிசெய்ய அந்தப் பிரிவால் முடியாது. முடிந்தது ஒன்றுதான்: கடினம் என்று குறிப்பில் எழுதப்பட்ட பித்தப்பைகளை, ஒன்கோல் இரவுக்கு மறுநாள் எடுப்பதில்லை, எடுக்கும் நாளில் முதலாவதாக எடுப்பது. இதனால் காத்திருப்புப் பட்டியல் நீண்டிருக்கிறது. இடையில் ஒரு நோயாளிக்கு மறுபடி அழற்சி வந்து வாட்டில் சேர்ந்தார். அந்த விலை சரியா என்பதில் பிரிவுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. மயக்கவியல் நிபுணர் சரி என்கிறார். கிளினிக்கில் திகதி கொடுக்கும் தாதி இல்லை என்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பேச வைத்திருக்கிறார்கள்.